ஒரே நாவல் எழுதியவர்களும் எழுதப்படாத உயில்களும்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் எழுதப்படும் பாகப்பிரிவினைப் பத்திரம் எதையாவது படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எதுவும் விட்டுப்போகாது. வயல் இத்தனை ஏக்கர் இத்தனை சென்ட், கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத்தண்ணீர், மோட்டாரில் யாருக்கு எவ்வளவு பங்கு, தென்புறம் போகும் வண்டித்தடத்தில் யார் யாருக்குப் பாத்தியம், வரப்பில் நிற்கும் தென்னை யாரைச் சேரும் என்பது வரை எழுதிய பிறகே கையொப்பம் போடுவார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இத்தகைய பத்திரங்களை எழுதிவருகிறேன். ஆனால், ‘இறந்தவர் எழுதிய நாவலும் அதன் பதிப்புரிமையும்’ என்றொரு சொத்து விவரத்தை எட்டு ஆண்டுகளுக்கு முன்வரை நான் எந்தப் பத்திரத்திலும் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

முதன்முதலாக அந்தச் சிக்கலோடு வந்த குடும்பத்தின் தந்தை, அந்தியூர்ப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் அவர் எழுதியது ஒரே ஒரு நாவல். மஞ்சள் விலை விழுந்த ஓர் ஆண்டில் ஒரு தோட்டக் குடும்பம் கடனில் அமிழ்வதைச் சொல்லும் அந்தக் கதையைத் தன் சேமிப்புப் பணத்தில் உள்ளூர் அச்சகத்தில் அச்சிட்டு, தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பதிப்பாளர் மறுபதிப்புக்குக் கேட்டு வந்தபோது, மூத்த மகன் மட்டும் ‘சகல உரிமைகளையும்’ கொடுப்பதாக ஒரு தாளில் கையொப்பமிட்டுவிட்டார். தாயும் தம்பியும் திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையும் இருப்பதைப் பதிப்பாளர் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. செய்தி தெரிந்து தம்பி ஆட்சேபித்தார். அந்த வாரத்திலேயே தங்கை ஒரு துணிப்பையில் தந்தையின் சொந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

அந்தப் பிரதியை மேசைமேல் விரித்துப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தையல் விட்டுப்போயிருந்தது. பக்க ஓரமெங்கும் ஊதா மையில் பொடியெழுத்தில் திருத்தங்கள். பள்ளி விடைத்தாள்களின் எழுதாத பக்கங்களை வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டி, புதிய பத்திகளை எழுதியிருந்தார். கடைசி நான்கு பக்கங்களை மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்துவிட்டு, பின்னட்டையின் உட்புறத்தில் வேறொரு முடிவை எழுதி வைத்திருந்தார். அச்சில் அந்தக் குடியானவர் ஊரைவிட்டுப் போகிறார். பின்னட்டையில், பாதி விற்றுப்போன தோட்டத்தில் மறுபடியும் மஞ்சள் விதைக்கிழங்கு ஊன்றுகிறார். இவற்றுள் எது அவருடைய நாவல்? அதைச் சொல்லக்கூடியவர் இல்லை. முதல் எழுத்தின் நோட்டுகளோ, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. உடன் வந்திருந்த தாய் என்னிடம் கேட்டார்: “தோட்டத்துக்குப் பத்திரம் போடறது தெரியுமுங்க. அவரு எழுதுன கதைக்குமுங்களா பத்திரம் போடோணும்?”

போடத்தான் வேண்டும். அதிலும் ஒரே நாவல் எழுதியவர் அவசியம் போட வேண்டும். பல நாவல்கள் எழுதியவரின் உரிமைகள் ஏதோ ஒரு தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கென்று ஒரு பதிப்பாளர், கடிதங்கள், ராயல்டிக் கணக்கு, அடுத்த புத்தகத்தின் பின்னட்டையில் முந்தைய புத்தகத்தின் பெயர் என்று சான்றுகள் தாமாகவே சேரும். நம் கொங்கு நாட்டு ஆர். ஷண்முகசுந்தரம் 1942-ல் ‘நாகம்மாள்’ எழுதியதோடு நின்றிருந்தால் அவர் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவருடைய மற்ற நாவல்கள் அந்த முதல் நாவலையும் கைப்பிடித்து அழைத்து வந்தன என்றே நினைக்கிறேன். ஒற்றை நாவலுக்கு அப்படிக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் தொடராக வந்த ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896-ல் நூலானது. அதை எழுதிய பி. ஆர். ராஜமையர் 1898-ல் தம் 26ஆம் வயதில் மறைந்தார். இரண்டாவது நாவலுக்குக் காலம் இடம் கொடுக்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் வழக்கு வந்த பிறகு, ஒரே நாவலால் உலகப் புகழ் பெற்றவர்களின் வரலாறுகளை ஒரு வழக்கறிஞனின் கண்ணோடு தேடிப் படிக்கத் தொடங்கினேன். இலக்கியத்தை நாடிப் போன எனக்கு அங்கே கிடைத்தவை பெரும்பாலும் உயில்களும் வாரிசுகளும் பிரதிகளும்தான்.

இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த ஜுசெப்பே தொமாசி தி லம்பெதூசா ‘சிறுத்தை’ என்ற ஒரே நாவலை எழுதி முடித்து, இரண்டு பெரிய பதிப்பகங்களின் மறுப்பைப் பெற்ற நிலையில், 1957 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். ஆனால் இறப்பதற்கு முன்பே தம் விருப்பத்தை எழுதி வைத்திருந்தார்: நாவல் வெளியாவதற்கு இயன்ற முயற்சிகள் அனைத்தையும் செய்ய வேண்டும், ஆனால் வாரிசுகள் தங்கள் கைப்பணத்தைச் செலவிட்டு அச்சிடக் கூடாது, அது தமக்குப் பெரிய அவமானம். இதைப் படித்தபோது அந்தியூர் வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். இறந்துகொண்டிருக்கும் ஒருவர் தம் புத்தகத்தின் தன்மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார். 1958-ல் ஃபெல்த்ரினெல்லி பதிப்பகம் அதை வெளியிட்டது. மறு ஆண்டு இத்தாலியின் ஸ்த்ரேகா பரிசு கிடைத்தது. ஆயினும் ஒன்றை அவர் தெளிவாக்காமல் விட்டிருந்தார். அச்சான நூலுக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் வேறுபாடுகள் இருப்பதாகப் பத்தாண்டுகள் கழித்துச் சர்ச்சை எழுந்தது. பிறகு அவர் 1957-ல் கைப்பட எழுதிய பிரதியை அடிப்படையாகக் கொண்டு வேறொரு பதிப்பு வந்தது. ‘இதுவே இறுதிப் பிரதி’ என்று முதல் தாளில் எழுதி, தேதி போட்டுக் கையொப்பமிடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மார்கரெட் மிட்செல் அந்த வகையில் மிகுந்த முன்யோசனை உடையவர். 1936-ல் ‘கான் வித் த விண்ட்’ வெளியாகி, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அவருடைய அண்ணன் ஒரு வழக்கறிஞர். அவர் துணையோடு, நெதர்லாந்தில் அனுமதியின்றி மொழிபெயர்த்து வெளியிட்டவர்களோடு பல ஆண்டுகள் போராடினார். 1949-ல் அட்லாண்டாவில் கார் மோதி அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே கணவர் ஜான் மார்ஷ் கையெழுத்துப் பிரதியின் பெரும்பகுதியை எரித்துவிட்டார். சில பக்கங்களை மட்டும் உறையிலிட்டு முத்திரை வைத்து, வங்கிப் பெட்டகத்தில் ஒப்படைத்தார். இந்த நாவலை எழுதியவர் மிட்செல்தானா என்று பிற்காலத்தில் எவராவது கேட்டால் காட்டுவதற்கான சான்று அது. அந்த ஏற்பாட்டைத் தம் உயிலின் இணைப்பிலும் எழுதி வைத்தார். சொத்து வழக்கில் மூலப்பத்திரத்தைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்த உறையின் அருமை புரியும்.

எழுதி வைக்காததால் வரும் தொல்லைக்கு அமெரிக்காவின் ஜான் கென்னடி டூல் சான்று. பதிப்பாளர் கிடைக்காமலே 1969-ல் 31ஆம் வயதில் அவர் இறந்த பின், தாய் தெல்மா அந்தப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைந்து, 1980-ல் ‘எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்’ நாவலை அச்சில் பார்த்தார். 1981-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவர் இளம்வயதில் எழுதிய ‘த நியான் பைபிள்’ என்ற இன்னொரு பிரதியும் இருந்தது. லூசியானா மாநிலத்தின் வாரிசுச் சட்டப்படி அதில் தந்தைவழி உறவினர்களுக்கும் பங்கு இருந்ததால், அதை வெளியிட வேண்டாம் என்று தாய் நிறுத்திவிட்டார். அவர் இறந்த பிறகு வழக்கு நடந்து, 1989-ல் அது வெளியானது. ஒரே நாவலாசிரியராக அறியப்பட்டவருக்கு இரண்டாவது நாவலைக் கொடுத்தது நீதிமன்றம்.

ஹார்ப்பர் லீயின் கதை இன்னும் நுட்பமானது. 1960-ல் வெளியான ‘டு கில் எ மாக்கிங்பேர்டு’ நாவலுக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் வேறு நாவல் வெளியிடவில்லை. அவருடைய நலன்களைக் கவனித்துவந்த அக்கா ஆலிஸ், நூறு வயது வரை தொழில் செய்த வழக்கறிஞர். 2014 நவம்பரில் காலமானார். 2015 பிப்ரவரியில், முன்பே எழுதிய ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வெளிவரப்போகும் அறிவிப்பு வந்தது. பக்கவாதத்துக்குப் பின் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 88 வயதுக்காரர் மனமொப்பித்தான் இதற்குச் சம்மதித்தாரா என்ற ஐயத்தில் அலபாமா மாநில அதிகாரிகள் விசாரித்து, புகாருக்கு ஆதாரமில்லை என்று முடித்தார்கள். லீயும் தமக்கு மகிழ்ச்சியே என்று தெரிவித்திருந்தார். சட்டப்படி விஷயம் அத்தோடு தீர்ந்தது. வாசகர்களின் மனக்குறை தீரவில்லை. அந்தப் பழைய பிரதியை என்ன செய்வது என்று திடமான வயதிலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

இனி நம் நாட்டுச் சட்டம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் 500 ரூபாய்க் கட்டணத்தில் பதிந்துகொண்டால் வழக்கில் அது நல்ல சான்றாகும். வாழ்நாளில் வெளியான நூலுக்கு, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இறந்த பின்னரே முதன்முதலாக வெளியாகும் நூலுக்கு, அந்த 60 ஆண்டுகள் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து தொடங்கும். ஆகவே டிரங்குப் பெட்டியில் கிடக்கும் நோட்டும் சொத்துதான்.

உயில் இல்லையென்றால், ஓர் இந்து ஆணின் பதிப்புரிமை மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். அந்தியூர்க் குடும்பத்தில் மூத்தவர் ஒருவராகக் கொடுக்கக் கூடியது அவருடைய பங்கை மட்டுமே. ‘சகல உரிமைகளும்’ என்று அவர் எழுதிய சொற்களுக்கு அதற்குமேல் வலு இல்லை. நால்வரின் கையொப்பமும் ஒன்றுசேர இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் பதிப்பாளர் விலகிப்போனார், தாயும் காலமானார். அந்த நாவல் இன்றுவரை மறுபதிப்பு காணவில்லை.

உயில் எழுதினால், வெளியாகாத கையெழுத்துப் பிரதியை ஒருவருக்குக் கொடுத்தாலே அதன் பதிப்புரிமையும் அவரையே சேரும் என்று சட்டத்தின் 20ஆம் பிரிவு கொள்கிறது, உயிலில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை. வெளியான நூலுக்கு இந்தச் சலுகை இல்லை. பதிப்புரிமை என்ற சொல்லையே தெளிவாக எழுத வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்.

பதிப்பாளரோடு செய்யும் ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா முடிந்த கையோடு யாராவது ஒருவர் இதற்காக என்னைத் தேடி வருகிறார். அன்னா சியூவெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1877-ல் வெளியான தம் ஒரே நாவலான ‘பிளாக் பியூட்டி’யை ஒரு தொகைக்கு மொத்தமாக விற்றுவிட்டு, சில மாதங்களில் இறந்தார், அது உலகில் மிக அதிகமாக விற்ற புத்தகங்களுள் ஒன்றாயிற்று. நம் சட்டம் இவ்விஷயத்தில் எழுத்தாளர் பக்கம் சற்றே சாய்ந்து நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பொருள். வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, அந்த உரிமை திரும்பிவிடும். ஆனால் இந்தப் பாதுகாப்புகளையெல்லாம் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற மூன்று சொற்களால் எழுத்தாளரே தம் கையொப்பத்தோடு இழந்துவிடலாம் என்பதை மறக்கக் கூடாது.

சென்ற தை மாதம் சென்னிமலையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர்; கணவர் இல்லை, குழந்தைகளும் இல்லை. கைத்தறிக் குடும்பங்களைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறார். இன்னொன்று எழுதும் எண்ணம் இல்லை என்றும், சொல்ல வேண்டியதை இதிலேயே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். தமக்குப் பின் அது தங்கை மகளைச் சேரும் என்று நம்பிக்கொண்டிருந்தார். நம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படி இல்லை. குழந்தையில்லாத கைம்பெண் தானே ஈட்டிய சொத்து, உயில் இல்லாவிட்டால், முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். அந்த நாவலில் ஒரு வரிகூடப் படித்திராத கொழுந்தனார் பிள்ளைகளே அதன் உரிமையாளர்களாவார்கள் என்று சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவ படிச்சு அழுதவளுங்க, அவளுக்கே எழுதுங்க” என்றார்.

எழுதினோம். நாவலின் பெயர், பக்க எண்ணிக்கை, எந்தக் கணினிப் பிரதி இறுதியானது, அதன் அச்சுப் பிரதி எந்தப் பீரோவில் இருக்கிறது, பதிப்புரிமை யாருக்கு என்பவற்றை முறையாகக் குறிப்பிட்டோம். படித்துக் காட்டியதும் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பாவு, ஊடை, நாடா, தறிக்குழி என்று தாம் எழுதியுள்ள தறிச் சொற்களையும், ஊர்ப் பேச்சையும் எந்தப் பதிப்பிலும் மாற்றக் கூடாது. எழுத்தாளரின் பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் தனியுரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிறது, வாரிசும் அதை வலியுறுத்தலாம் என்று விளக்கி, அந்த வரியையும் சேர்த்தேன். அவருடைய தெருவிலேயே தறி நெய்யும் இருவர் சாட்சிக் கையொப்பமிட்டார்கள்.