சர்வதேச வணிகம் படிக்க வாசல் முகாமைத்துவம்: கொழும்பு மாணவருக்கான அரச பல்கலைக்கழக அனுமதி விளக்கம்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ‘இன்டர்நெஷனல் பிஸ்னஸ்’ என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரங்கள் கைக்குக் கை மாறத் தொடங்கிவிடும். அதே படிப்பைக் கட்டணமில்லாமல் தரும் அரச பல்கலைக்கழகத்துக்கு அப்படி விளம்பரம் கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூலில் தேட வேண்டிய சொல்லும் வேறு: ‘முகாமைத்துவம்’. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதிப் பீடத்தில் சர்வதேச வணிகத்துக்கென்று தனித் துறை இருக்கிறது. ஆனால் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. முகாமைத்துவத்துக்கு அனுமதி பெற்று உள்ளே போன பிறகுதான் சிறப்புத் துறையைத் தெரிவு செய்ய வேண்டும். அந்தத் தெரிவிலும் ஆரம்பப் பருவங்களின் பெறுபேறு பார்க்கப்படும். கம்பஸ் கிடைத்துவிட்டது என்று முதல் வருடத்தைக் கோட்டைவிட்டால் நினைத்த துறை கை நழுவும்.

தகுதி பெற, மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது சாதாரண சித்தி வேண்டும். உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிக்குக் குறையக்கூடாது. இந்த 30-ஐ யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் மூன்று பாடத்திலும் ‘ஏ’ எடுத்தவரையும் அது தடுக்கும். பாடங்களைப் பொறுத்தவரை கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றும் இருந்தால் கேள்வியே இல்லை. இரண்டு மட்டும் இருந்தால் மூன்றாவது பாடம் கைந்நூலில் முகாமைத்துவத்துக்கு எதிரே போட்டிருக்கும் பட்டியலில் இருக்க வேண்டும். தகவல் தொழினுட்பம், புவியியல், அரசியல் விஞ்ஞானம், அளவையியல் போன்றவை அதில் உண்டு. பட்டியலுக்கு வெளியே ஒரு பாடம் எடுத்திருந்தால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை. ஆகவே இதைப் பார்க்க வேண்டிய நேரம் உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நாள்தான், பெறுபேறு வந்த நாள் அல்ல.

இசட் புள்ளி என்பது ஒருவர் எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் அளவு. அந்த வித்தியாசத்தை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால், வகுத்தால் அது வரும். உதாரணமாக, ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 15 என்றால், 80 எடுத்தவரின் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தின் சராசரி 35, நியம விலகல் 18 என்றால், 71 எடுத்தவருக்கும் அதே 2 தான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுத்து, நான்கு தசமதானம் வரை எழுதுவார்கள். மூன்று ‘ஏ’ எடுத்தும் இடம் கிடைக்கவில்லையே என்று பெற்றோர் தலையில் கைவைப்பது இதனால்தான். 75 எடுத்தாலும் ‘ஏ’, 95 எடுத்தாலும் ‘ஏ’. இசட் புள்ளி இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது.

கொழும்பு மாணவரை அதிகம் உறுத்துவது மாவட்ட ஒதுக்கீடு. முகாமைத்துவத்தின் மொத்த இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்தில் பிரிக்கப்படும். மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கின் எல்லா மாவட்டங்களும், நுவரெலியா, பதுளை முதலியனவும் அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பு, கம்பஹா, களுத்துறை இல்லை.

100 இடங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் சுமார் 23 இலட்சம் பேர். நாட்டில் சுமார் 2 கோடியே 3 இலட்சம். அப்படியானால் மாவட்டத்துக்குரிய 55 இடங்களில் கொழும்புக்கு ஆறு அளவில் வரும். அந்த ஆறுக்கும் நகரத்தின் பெரிய பாடசாலைகள் எல்லாம் போட்டியிடும். மன்னாரில் இடம் கிடைக்கும் புள்ளிக்குக் கொழும்பில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்பதால் யாழ்ப்பாண மாவட்டத்தில் சேர்ப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்தப் பாடசாலையில் படித்தீர்கள், எங்கே வசித்தீர்கள் என்பதற்கான சான்றுகளே மாவட்டத்தைத் தீர்மானிக்கும். இடையில் பாடசாலை மாறியவர்கள் அதிபர் கடிதங்களையும் வாக்காளர் இடாப்புப் பிரதிகளையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் காலம் சில வாரங்கள்தான். அதற்குள் பிரதேச செயலகத்துக்கும் பாடசாலைக்கும் அலைய நேரம் போதாது.

அதிகம் பிழை விடும் இடம் விருப்பத் தெரிவு வரிசை. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ‘யுனி-கோட்’ எனப்படும் தனிக் குறியீடு ஒன்று உண்டு. கொழும்பு முகாமைத்துவம் ஒன்று, ஸ்ரீ ஜயவர்தனபுர முகாமைத்துவம் இன்னொன்று, களனியின் முகாமைத்துவமும் தகவல் தொழினுட்பமும் வேறொன்று. சென்ற வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று தோன்றுவதை மேலே போடுகிறார்கள். அப்படிச் செய்தால் அதுவே கிடைக்கும், கீழே எழுதிய நல்ல இடம் தகுதியிருந்தும் கிடைக்காது. தெரிவு மேலிருந்து கீழாகத்தான் நடக்கும். முதலாவது கிடைக்காததால் இரண்டாவதில் உங்கள் வாய்ப்புக் குறைவதில்லை. எனவே உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். கொழும்பைச் சுற்றிய மூன்று, நான்கை மட்டும் எழுதி நிறுத்துவதும் தவறு. யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, ஒலுவில் என்று போகத் தயாரான இடங்களையும் கீழே சேருங்கள். ஆனால் போகவே மாட்டேன் என்பதை எழுத வேண்டாம். கிடைத்ததில் ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அடுத்த வருடம் பரீட்சை எழுதிக் கூடிய புள்ளி பெற்றாலும் மறுபடி அனுமதி கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் இருப்பதே மூன்று அமர்வுகள். பதிவுக்குமுன் இதை வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும்.

பணம் சார்ந்தது மகாபொல. 1981 இல் தொடங்கிய இந்த நிதியம் குடும்ப வருமானத்தையும் பரீட்சைத் திறமையையும் பார்த்துப் புலமைப்பரிசில் தருகிறது. அது கிடைக்காதவருக்கு வருமான அடிப்படையில் மாணவர் உதவுதொகை உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகையை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்தும் வருமானமும் விண்ணப்பத்தில் எழுதிய தொகையும் ஒத்துப்போகாவிட்டால் இழுபறிதான்.

இன்னொரு விஷயம் மொழி. கொழும்பில் இந்தப் பட்டம் ஆங்கில மொழிமூலம். உயர்தரத்தைத் தமிழில் எழுதியவர் ‘தேய்மானம்’, ‘ஐந்தொகை’ என்று படித்ததையெல்லாம் முதல் மாதத்திலேயே ஆங்கிலத்தில் எதிர்கொள்வார். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை உள்ள மாதங்களுக்கு இதைவிட நல்ல பயன்பாடு இல்லை.

இடம் கிடைக்காவிட்டால் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டம் உண்டு. கட்டணம் உண்டு, ஆனால் அரச பல்கலைக்கழகப் பட்டம். தனியார் நிறுவனமானால் இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். நிறுவனமே பட்டம் தருவதாகச் சொன்னால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ், சேரப்போகும் அதே பட்டத்துக்கு வர்த்தமானி அறிவித்தல் இருக்க வேண்டும். வேறொரு பட்டத்துக்கு உள்ள வர்த்தமானியைக் காட்டினால் ஏற்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டமானால், சான்றிதழில் வரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதி வாங்கி, அது பொதுநலவாயப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தரவுத்தளத்திலோ உள்ளதா என்று நீங்களே தேடுங்கள்.

கிரெடிட் எண்ணிக்கையிலும் கண் வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலக் கற்றல்; மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. பிரித்தானியாவில் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம், முழுப் பட்டத்துக்கு 360. ‘120 கிரெடிட் பட்டம்’ என்று பிரித்தானியக் கணக்கில் ஒருவர் விற்றால், அது டிப்ளோமாவுக்கு மேல் சேர்க்கும் கடைசி ஒரு வருடம் மட்டுமே. அதற்குமுன் உள்ள டிப்ளோமாவை யார் வழங்குகிறார்கள், அதற்கு என்ன தரநிலை என்பதையும் முதல் தவணை கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.