ஓட்டுநர் இல்லாத ரயிலில் பணியாளருக்கு என்ன வேலை?

ஓட்டுநர் இல்லாத ரயில் என்றதும் ஆளே இல்லாத ரயில் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். லண்டனின் டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே 1987 முதல் தனி ஓட்டுநர் அறை இல்லாமலே ஓடுகிறது. ஆனால் பயணிகளோடு ஓடும் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு பணியாளர் இருப்பார். தொடக்கத்தில் அவரை ‘ரயில் கேப்டன்’ என்றே அழைத்தார்கள். வேகம் கூட்டுவது, பிரேக் போடுவது, நிலையத்தில் சரியான இடத்தில் நிறுத்துவது எல்லாம் கணினி. கதவை மூடிப் புறப்பாட்டுக்கு அனுமதி தருவது அவர்.

கதவை மட்டும் ஏன் மனிதரிடம் விட வேண்டும்? அங்கே நடைமேடைகள் திறந்தவை. விளிம்பில் கண்ணாடித் தடுப்புக் கதவு கிடையாது. பணியாளர் ஏதாவது ஒரு கதவருகே உள்ள பலகையில் சாவியைப் போட்டு, தான் நிற்கும் கதவைத் தவிர மற்றவற்றை முதலில் மூடுவார். தலையை நீட்டி ரயிலின் நீளம் முழுக்கப் பார்ப்பார். யாரும் எதுவும் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகே தன் கதவை மூடுவார். கதவு விளிம்பில் கை, தடித்த பை போன்றவை மாட்டினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பையின் நாடா அப்படியில்லை. அவை இடுக்கில் மாட்டியிருந்தாலும் ‘கதவு மூடிவிட்டது’ என்றே கணினிக்குத் தகவல் போகக்கூடும். 2023 டிசம்பரில் டெல்லி மெட்ரோவின் இந்தர்லோக் நிலையத்தில் உடை கதவில் சிக்கி இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பெண் இறந்துபோனார். அது ஓட்டுநர் உள்ள ரயில். முன்னறையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் மட்டும் கதவோரம் பாதுகாப்பாகிவிடாது.

பழுது வந்தால்தான் இந்தப் பணியாளரின் அருமை தெரியும். டாக்லேண்ட்ஸில் தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் கம்பிச் சுற்று வழியாகவே ரயிலும் கட்டுப்பாட்டு மையமும் பேசிக்கொள்கின்றன. சில நொடிகள் தொடர்பு அறுந்தாலே ரயில் அவசர பிரேக் போட்டு நின்றுவிடும். தான் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. அப்போது பணியாளர் முன் முனைக்குப் போய், ஓட்டும் கருவிகள் மேலுள்ள பூட்டிய மூடியைத் திறந்து, கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதியோடு குறைந்த வேகத்தில் கையால் ஓட்ட வேண்டும். கணினி இடத்தை மறுபடி கண்டுகொண்டதும் தானியங்கிக்கு மாற்றுவார். எப்போதோ ஒருமுறை, அதுவும் நெருக்கடியில் மட்டும் ஓட்டுபவருக்குக் கை பழகியிருக்காது. ஆகவே ஒழுங்காகக் கையால் ஓட்டிப் பழகும் நேரத்தைப் பணி அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். செலவைக் குறைக்க இதில் கைவைப்பது மிகத் தவறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. அங்குள்ள பழைய ரயில்களில் வண்டிகளை இணைத்து ஓட்டினாலும், ஒரு வண்டியிலிருந்து அடுத்ததற்கு உள்ளே நடந்து போக வழியில்லை. பின் வண்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால், முன் வண்டியில் இருக்கும் பணியாளர் அடுத்த நிலையத்தில் இறங்கித்தான் ஏற முடியும். 2025இல் ஓடத் தொடங்கிய ஐந்து பெட்டி ரயில்களில் முழு நீளமும் நடக்கலாம்.

டெல்லியில் 2020 டிசம்பரில் மெஜந்தா வழித்தடத்தில் ஓட்டுநரில்லா ஓட்டம் தொடங்கியது. சென்னை மெட்ரோவின் 2ஆம் கட்டத்துக்கும் அத்தகைய ரயில்களே. முதல் கட்டத்தில் ரயில் தானாக ஓடினாலும் முன்னறையில் ஒருவர் இருப்பதைப் பார்த்தே நமக்குப் பழக்கம். அவர் இல்லாதபோது பயணிக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் கதவருகே உள்ள அவசர அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். கட்டுப்பாட்டு மையம் பேசும். பெட்டி எண்ணை முதலில் சொல்லுங்கள். ரயில் உடனே நிற்காவிட்டால் பதறாதீர்கள். சுரங்கத்தின் நடுவில் நிறுத்துவதைவிட அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோனால்தான் உதவி சீக்கிரம் கிடைக்கும். நடுவழியில் நின்றுவிட்டாலும் நீங்களாகக் கதவைத் திறந்து இறங்கக் கூடாது. டாக்லேண்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டியே 750 வோல்ட் மின்தண்டு ஓடுகிறது. சென்னையில் தலைக்கு மேலே 25,000 வோல்ட். மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத்துத் தடத்தில் வரும் ரயிலையும் நிறுத்திய பிறகே பணியாளர் இறங்கச் சொல்வார்.