ஜீவனாம்சத் தொகையை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள்

ஆலங்குளம் பக்கமிருந்து ஒருவர் வந்தார். (ஆள் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது விவாகரத்து ஆகி, மனைவிக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு. அப்புறம் வேலை போய் ஊர் திரும்பி, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பணம் கொடுப்பதை நிறுத்தி 11 மாதம். வாரன்ட் வந்த பிறகுதான் என்னைத் தேடி வந்தார்.

"வேலைதான் போச்சுல்லா மேடம், பெறகு எப்படிக் குடுக்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கோர்ட்டில் கேட்டிருக்க வேண்டும். மனு போட்டுச் சொல்லாதவரை, அவர் சவூதியில் சம்பாதிப்பதாகத்தான் கோர்ட்டுக் கணக்கு.

நம் பக்கம் ஜீவனாம்ச வழக்கை 'நூத்தியிருபத்தஞ்சு கேஸ்' என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால், அந்த 125ஆம் பிரிவு இப்போது 144ஆம் பிரிவு. தொகையைக் கூட்டவும் குறைக்கவும் 146ஆம் பிரிவு. விவாகரத்தான பெண்ணும் மறுமணம் செய்யாதவரை இந்தப் பிரிவில் மனைவிதான். மதமும் பார்ப்பதில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் இது உண்டு என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் மறுபடி சொன்னது. மேலப்பாளையத்திலிருந்து வரும் பெண்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 25ஆம் பிரிவில் வாங்கிய மாதாந்திர ஜீவனாம்சத்தையும், சூழ்நிலை மாறினால் திருத்தலாம். (அந்தச் சட்டப்படி கணவனும் கேட்கலாம். என்னிடம் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.)

எது சூழ்நிலை மாற்றம்? வேலை போவது, நோயில் விழுவது, சம்பளம் ஏறுவது எல்லாம் சேரும். மனைவி மறுமணம் செய்துகொண்டால் அவருக்கான தொகை நிற்கும். பிள்ளைக்கான தொகை நிற்காது. கணவன் மறுமணம் செய்தால்? "எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கு" என்பது தப்பிக்கும் வழி அல்ல, ஆனால் கோர்ட் அதையும் பார்க்கும். 2017இல் ஒரு வழக்கில் கணவனுக்கு இரண்டாவது குடும்பம் இருப்பதைக் கணக்கில் எடுத்து, சுப்ரீம் கோர்ட் 23,000 ரூபாயை 20,000 ஆக்கியது. அவ்வளவுதான் குறைந்தது.

"அவ பீடி சுத்தி சம்பாதிக்கா, அவளுக்கு எதுக்கு?" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். பீடிக் கூலி வருகிறது என்பதற்காக மட்டும் உரிமை போகாது. அது அவருடைய பிழைப்புக்குக் காணுமா என்றுதான் பார்ப்பார்கள். அதற்காகக் கூலியை மறைக்கவும் கூடாது. 2020 நவம்பரில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். பி.எஃப். பிடித்தம் இருந்தால் கூலி எப்படியும் வெளியே வந்துவிடும்.

பெண்களுக்கு ஒன்று. பத்து வருடத்துக்கு முன் போட்ட 3,000 ரூபாயை இன்னும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அது தானாக ஏறாது, மனு போட வேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் உயர்வையும் சேர்த்தே கேளுங்கள். 2025 மே மாதம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாயும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் சுப்ரீம் கோர்ட் கொடுத்தது. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் செய்யலாம்.

மனமொத்து, மொத்தமாக ஒரு தொகை வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டால் கதை வேறு. பிறகு "காணாது" என்று திரும்பிப் போவது ரொம்பக் கஷ்டம். கையெழுத்துக்கு முன்னாலேயே கணக்குப் போடுங்கள். கல்யாணத்தில் போட்ட நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதையும் இந்தத் தொகையில் கழிக்கிறார்கள். அது ஏற்கெனவே உங்கள் நகை.

கொடுப்பவர்கள் தயவுசெய்து பேங்க் வழியாகவோ ஜீபேயிலோ அனுப்புங்கள். "மச்சான் கையில குடுத்துவிட்டேன்" என்பதை நிரூபிக்க மச்சான் வர மாட்டார்.

ஆலங்குளத்துக்காரருக்கு 146இல் மனு போட்டோம். மாதம் 4,500 ஆகக் குறைந்தது, மனு போட்ட நாளிலிருந்து. பாக்கி 66,000 அப்படியே நின்றது. "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கழிஞ்சிருமா?" என்று கேட்டார். கழியாது, 1988லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இப்போது தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.