திம் சம் கொழுக்கட்டை அல்ல

ஹாங்காங்கைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரை எதை எடுத்தாலும் எங்கேயாவது ஒரு 'சீனக் கொழுக்கட்டை' ஆவி பறக்க வந்து நிற்கிறது. தேநீரோடு உண்ணும் சிறு பண்டங்களான திம் சம்மைத்தான் இப்படி எழுதுகிறார்கள். படங்களின் தமிழ் வசன வரிகளிலும் அதே கதைதான். அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய் அதை 'இதயத்தைத் தொடும் உணவு' ஆக்கிவிட்டது. கொழுக்கட்டை அரைத் தவறு. இதயம் முழுத் தவறு.

திம் சம் ஹாங்காங்கில் பேசப்படும் கான்டனீஸ் மொழிச் சொல். திம் என்றால் புள்ளி, புள்ளி வைத்தல், இலேசாகத் தொடுதல். சம் என்றால் நெஞ்சு. சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேசுகிறவர்கள் இதே இரண்டு எழுத்துகளைத் தியென்சின் என்று படித்து, பொதுவாகத் தின்பண்டங்களுக்கு வழங்குகிறார்கள். சொல் பழையது. சீனாவை ஆண்ட தாங் அரச மரபின் காலத்துப் பேச்சொன்றை, பின்னால் வந்த சோங் மரபின் காலத்து நூல் ஒன்று குறித்து வைத்திருக்கிறது. காலை உணவு தயாராகிவிட்டது. வீட்டுத் தலைவிக்கு ஒப்பனை முடியவில்லை. 'நான் உண்ண இன்னும் நேரமாகும், அதற்குள் நீ கொஞ்சம் பசியாறு' என்று தம்பியிடம் சொல்கிறாள். அந்தப் பசியாறுதான் திம் சம். ஆக, அது முதலில் வினை. பண்டத்தின் பெயரானது பிறகு.

இதயம் எங்கிருந்து வந்தது? ஆங்கில உணவு அட்டைகளிலிருந்து. இரண்டு எழுத்தையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அகராதிப் பொருள் போட்டு, விருந்தினர் மயங்கட்டும் என்று எழுதிய வரி அது. அதை நம்மவர்கள் அப்படியே தமிழாக்கினார்கள். நெஞ்சு என்று சொன்னவுடன் காதல் நினைவுக்கு வருகிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம்: நெஞ்செரிச்சல் என்று நாம் சொல்வது வயிற்றுப் புளிப்பைத்தானே? அதை 'ஆன்மாவின் தகிப்பு' என்று ஒருவர் பிறமொழியில் பெயர்த்தால் சிரிக்கமாட்டோமா? சீனத்திலும் அந்த எழுத்து உணர்ச்சிக்கு மட்டும் உரியதன்று; வெறும் வயிற்றைச் சொல்லும் தொடரிலும் அதுதான் நிற்கிறது.

கொழுக்கட்டைக்கு வருகிறேன். இந்தப் பெயரை வைத்தவர்கள் மேசையை ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். ஹாங்காங்கின் சென்ட்ரல் வட்டாரத்தில், ஸ்டான்லி தெருவில், 1933இல் தொடங்கிய லுக் யூ தேநீர் இல்லம் இருக்கிறது. தேநீரைப் பற்றி நூல் எழுதிய தாங் காலத்து அறிஞரின் பெயர் அதற்கு. நண்பகலில் அந்தப் பகுதியின் அலுவலகங்கள் எல்லாம் தெருவில் கொட்டிவிடும். தேநீர் இல்லங்களில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. உட்கார்ந்தவுடன் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன உண்கிறீர்கள் என்பதன்று, என்ன தேநீர் என்பது. கருத்த போலெய், மல்லிகை மணக்கும் ஹியோங் பின், செவ்வந்திப் பூ கலந்த குக் போ. பலர் முதல் ஊற்றில் கிண்ணங்களையும் குச்சிகளையும் அலம்பிக் கொட்டுவார்கள். ஒருவர் ஊற்றும்போது மற்றவர் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார், அதுதான் நன்றி. கூஜா காலியானால் மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் போதும், வெந்நீர் வந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் மூங்கில் தட்டுகள் வரும். ஹா காவ்: கோதுமை மாவிலிருந்து பிரித்த வெறும் மாப்பொருளை வெந்நீரில் பிசைந்து மெல்லத் தட்டி, நடுவில் இறால் வைத்து, ஓரத்தை மடிப்பு மடிப்பாகக் கிள்ளி மூடுவார்கள். வெந்ததும் தோல் கண்ணாடிபோலாகி உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். சரி, இது கொழுக்கட்டையேதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்துச் சியு மாய் வருகிறது. வாய் திறந்த மஞ்சள் கிண்ணம். பன்றிக்கறி வைத்த பஞ்சு போன்ற சா சியு பாவ் வருகிறது. அரிசி மாவை மெல்லிய ஏடாக வேகவைத்துச் சுருட்டிச் சோயாச் சாறு ஊற்றிய சியோங் ஃபன், முள்ளங்கியைத் துருவி மாவோடு வேகவைத்து வில்லையாக நறுக்கிச் சுட்ட லோ பாக் கோ, தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசிச் சோறு, எண்ணெயில் பொரித்த சேம்பு உருண்டை, அடுப்பில் சுட்ட முட்டைத் தார்ட்டு. இவை அனைத்தும் திம் சம். முட்டைத் தார்ட்டைக் கொழுக்கட்டை என்று கூசாமல் எழுதத் துணிந்தவர் எழுதட்டும். இட்லியை மட்டும் கண்ட வெளியூர்க்காரர் டிபன் என்ற சொல்லுக்கு 'வெந்த அரிசிக் கட்டி' என்று பொருள் எழுதிவைத்தால், தோசையும் வடையும் பொங்கலும் எந்தக் கணக்கில் சேரும்?

கொழுக்கட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹா காவுக்கு 'இறால் கொழுக்கட்டை' என்று எழுதினால் கைதட்டுவேன். மாவுக்குள் உள்ளீடு வைத்து மூடும் கலை நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியே 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்' என்கிறது. கவவு என்றால் அகத்தீடு என்று தொல்காப்பியம் பொருள் சொல்லிவிட்டது. இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்ட மொழி, ஒரு வகைக்குரிய பெயரை ஒரு விருந்து முழுவதற்கும் போர்த்திவிடலாமா?

'ஆவியுணவு' என்றும் ஒரு சொல்லாக்கம் உலவுகிறது. பொரித்ததையும் சுட்டதையும் அது வெளியே தள்ளிவிடுகிறது. போதாக்குறைக்குப் பேய்க்குப் படைத்த சோறு மாதிரி ஒலிக்கிறது. நொறுக்குத்தீனி என்பார் சிலர். மேசையில் நொறுங்குவது அபூர்வம். பலகாரம் பொருளளவில் மிக அருகில் வருகிறது, ஆனால் அது பழத்தை உண்பது என்ற வடசொல்லின் மருவல்; இன்று அதைக் கேட்டவுடன் தீபாவளி முறுக்குதான் கண்முன் வரும். எனக்கு அதைவிடச் சிற்றுண்டி பிடிக்கும். பெருஞ்சோறு ஆகாத சிறிய உணவு என்ற குறிப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'தேநீர்ச் சிற்றுண்டி' என்றால் இன்னும் தெளிவு, ஏனென்றால் தேநீர் இல்லாமல் திம் சம் இல்லை.

வினைக்கு நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் காலையில் பார்த்தால் 'பசியாறிவிட்டீர்களா?' என்றுதான் கேட்பார்கள். தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளிலும் காலை உணவு பசியாறல்தான். தாங் காலத்து அக்கா தம்பியிடம் சொன்னதும் அதுவே. கான்டனீஸ் மக்கள் வாழும் ஊரிலேயே வாழும் தமிழர் வாயில் அந்தச் சொல் உயிரோடு இருக்கும்போது, சென்னையில் உட்கார்ந்து இதயத்தைத் தொட வேண்டியதில்லை.

பெயராகவே எழுதுவதானால் திம் சம் என்று எழுதுங்கள், டிம் சம் வேண்டாம். டகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது என்பது ஒருபுறமிருக்க, கான்டனீஸ் ஒலியே அதிர்வில்லாத ஒலி. ஆங்கிலக்காரர் அதற்கு D போட்டது அவர்கள் நெடுங்கணக்கின் சங்கடம். நம் மொழிமுதல் தகரம் அந்த ஒலிக்கு எவ்வளவோ அருகில் வருகிறது. தீம் சம் என்று நீட்டினால் உச்சரிப்புக்கு இன்னும் பக்கம்தான், ஆனால் தீம்பால், தீங்கனி என்று பழகிய காது இனிப்பை எதிர்பார்க்கும், வருவதோ பன்றிக்கறி.

யம் சா என்ற தொடரும் இதோடு சேர்த்தே குழப்பப்படுகிறது. தேநீர் அருந்துதல் என்பதுதான் அதன் பொருள், ஆனால் 'ஞாயிற்றுக்கிழமை யம் சா போகலாமா?' என்று ஹாங்காங்கில் ஒருவர் கேட்டால், குடும்பத்தோடு தேநீர் இல்லம் போய் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே உண்ணலாமா என்று அர்த்தம். இதை 'டீ குடிக்கலாமா?' என்று எழுதிய வசன வரியைப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சியில் பத்துப் பேர் வட்ட மேசையில் பதினைந்து தட்டுகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற தமிழர் என்ன நினைப்பார்? 'தேநீர் இல்லம் போய்ப் பசியாறலாமா?' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மொழிபெயர்ப்பாளர்கள் சீன மூலத்தைப் பார்ப்பதில்லை, ஆங்கிலத்தின் நிழலைத்தான் பெயர்க்கிறார்கள் என்பதற்கு ஃபுங் ஜாவ் ஒன்றே போதும். பொரித்து, சாற்றில் கொதிக்கவிட்டு, புளிக்கவைத்த கறுப்புச் சோயாக் கலவையோடு மறுபடி வேகவைத்த பண்டம். சீனர்கள் செல்லமாகப் புராணப் பறவை ஒன்றின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். தமிழில் அது 'பீனிக்ஸ் நகங்கள்' என்று வந்திருக்கிறது. சாம்பலிலிருந்து எழும் மேலை நாட்டுப் பறவைக்கும் இந்தச் சீனப் பறவைக்கும் உறவே கிடையாது; தட்டில் இருப்பது நகமும் இல்லை. கோழிக்கால் என்று எழுதுங்கள் ஐயா.