தள்ளிப்போடும் பிள்ளை சோம்பேறி இல்லை

பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், பள்ளிதோறும் ஊக்கமூட்டும் பேச்சாளர்கள் வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அம்மா அப்பாவை நினைத்து அழுகிறார்கள், சபதம் எடுக்கிறார்கள். அடுத்த வாரம் முன்னைவிடச் சோர்ந்துபோய் ஆலோசகரான என் அறைக்கு வருகிறார்கள். வருடா வருடம் இதே கதை.

கடைசியாக வந்தவள் ஒரு ப்ளஸ் டூ மாணவி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஊக்கப் பேச்சு முகாம் முடிந்த இரவே ஸ்கெட்ச் பேனாவில் அட்டவணை போட்டுவிட்டாள்: விடியற்காலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை. மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. அட்டவணை அதோடு போயிற்று. அவளுடைய இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பாடமான நிலைமின்னியல் முழுக்க மூன்று நிறங்களில் அடிக்கோடு. அடுத்த பாடம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. ஒவ்வொரு சபதத்துக்கும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கியிருக்கிறாள். "நான் சோம்பேறி மிஸ்" என்றாள்.

இந்தச் சொல்லை யார் இவர்கள் வாயில் போடுகிறார்கள்? சோம்பலாகக் கிடப்பவருக்கு அது சுகம். தள்ளிப்போடும் பிள்ளைக்கு அந்த நேரம் வேதனை. கையில் போன் இருக்கும், வயிற்றில் பயம் இருக்கும். புத்தகத்தைத் திறந்தால் 'எனக்கு இது வராது' என்ற எண்ணம் வருகிறது. மூடினால் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் மூடுகிறார்கள். திட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் தள்ளிப்போடுவார்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. 'மன்னித்தால் பிள்ளை கெட்டுப்போகும்' என்று சொல்லும் பெற்றோர் இதைக் கவனியுங்கள்.

தலைமையாசிரியர்களே, பேச்சாளரை அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் பேசட்டும். மீதி நேரத்தில், தள்ளிப்போட்ட பாடத்தைப் பிள்ளைகள் அங்கேயே திறந்து பத்து நிமிடம் செய்யட்டும். தொடங்கிவிட்டால் பயம் பாதி இறங்கிவிடும்.

பிள்ளைகளே, 'நாளையிலிருந்து நன்றாகப் படிப்பேன்' என்பது திட்டமே இல்லை. 'சாயங்காலம் டீ குடித்ததும் மேஜையில் உட்கார்ந்து மின்னோட்டவியலில் இரண்டு கணக்கு' என்பதுதான் திட்டம். எப்போது, எங்கே, எது என்று மூன்றும் அதில் இருக்கிறது. ஒரு நாள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதல் பக்கத்துக்குத் திரும்பாதீர்கள். மீள்திறன் என்று நாங்கள் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுக்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் ஊக்கப் பேச்சு உதவாது, மருத்துவரிடம் காட்டுங்கள். 'செத்துப்போகலாம் போலிருக்கிறது' என்று ஒரு தடவை சொன்னாலும் நடிப்பு என்று ஒதுக்காதீர்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.