பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது என்று மெயில் வந்தால்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஏற்றுமதி செய்யும் தோல் பதனிடும் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் சைபர் தாக்குதல் என்றதும் வைரஸைத்தான் நினைக்கிறார்கள். பெரிய தொகை பறிபோவது வேறு வழியில். இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி ஒரு மெயில் வரும். அதில் வைரஸ் எதுவும் இருக்காது என்பதால் ஆன்டிவைரஸ் சத்தமே போடாது.

தொடக்கம் சாதாரணமாக இருக்கும். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கு 'ஷிப்பிங் டாக்குமென்ட் இணைத்துள்ளோம்' என்று ஒரு லிங்க் வரும். அழுத்தினால் மெயில் லாகின் பக்கம் போலவே ஒன்று திறந்து பாஸ்வேர்டு கேட்கும். போட்டதும் ஏதோ பிழை காட்டும், அவரும் மறந்துவிடுவார். உள்ளே நுழைந்தவன் அவசரப்பட மாட்டான். எந்த பையர், எத்தனை சதவீதம் அட்வான்ஸ், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் எப்போது வரும் என்று வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். பணம் வரவேண்டிய நாளுக்குச் சற்று முன், உங்கள் லெட்டர்ஹெட்டிலேயே, உங்கள் சீலோடு, 'ஆடிட் நடப்பதால் இந்தக் கணக்குக்கு அனுப்பவும்' என்று பையருக்கு மெயில் போகும்.

பையர் சந்தேகப்பட்டுக் கேட்டாலும் அந்தக் கேள்வி உங்கள் கண்ணில் படாது. மெயில் செட்டிங்ஸில் 'ரூல்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெறும் ஒரு புள்ளியைப் பெயராக வைத்த ரூல் ஒன்று அங்கே இருக்கலாம். 'பேமென்ட்', 'இன்வாய்ஸ்', 'ஸ்விஃப்ட்' (வங்கிகள் வெளிநாட்டுப் பணத்துக்குப் பயன்படுத்தும் செய்தி முறை) என்ற சொற்கள் உள்ள மெயிலை யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளி, படித்ததாகவும் குறித்துவிடும். ஜிமெயிலில் என்றால் 'ஃபில்டர்ஸ்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் பாருங்கள். மாதம் ஒருமுறை பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கெமிக்கலோ மெஷினோ இறக்குமதி செய்பவர்களுக்கு இதே வித்தை திரும்பி வரும்: சப்ளையரின் கணக்கு மாறிவிட்டது என்று உங்களுக்கு மெயில் வரும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஐபேன் எண், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண். அதன் முதல் இரண்டு எழுத்து, கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லும். இத்தாலி என்றால் 'ஐ.டி.', மொத்தம் 27 எழுத்து. ஜெர்மனி என்றால் 'டி.இ.', மொத்தம் 22. இத்தாலிக் கம்பெனியின் இன்வாய்ஸில் போலந்தைக் குறிக்கும் 'பி.எல்.' இருந்தால் பணத்தை நிறுத்துங்கள். அடுத்து, அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது. ரிப்ளை அழுத்தும்போது முகவரி வேறாக மாறுகிறதா என்றும் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பழக்கம் வேண்டும்: கணக்கு எண் மாறினால், பழைய ஃபைலில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, பழகிய குரலிடம் கேட்பது. புது மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்கு அல்ல. வேறு எந்தச் சாஃப்ட்வேர் வாங்குவதையும்விட இது பலன் தரும் என்பது எங்கள் கருத்து. முதலாளி ஊரில் இல்லாத வெள்ளிக்கிழமை மாலையிலும் இது தளரக்கூடாது. அந்த நேரத்துக்குத்தான் அவன் காத்திருப்பான். உள்நாட்டுப் பணத்துக்கு, ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்புமுன் கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பட்டனை அழுத்தாதீர்கள்.

பணம் போய்விட்டால்? உள்நாட்டுக் கணக்கு என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். கணக்கு எண், யுடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கான அடையாள எண்), தொகை, நேரம் கையில் இருக்கட்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு நிமிடங்களில் தாவும். முடக்குவதும் அதே வேகத்தில் நடக்க வேண்டும். பிறகு தேசிய சைபர் க்ரைம் போர்ட்டலில் புகாரை முழுமையாகப் பதியுங்கள். ஆபீஸ் வேலூரில், ஃபேக்டரி ராணிப்பேட்டையில், கணக்கு ஆம்பூரில் என்று மூன்று மாவட்டம் குறுக்கிட்டாலும் போர்ட்டலுக்கு எல்லை கிடையாது. வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால் உங்கள் வங்கியிடம் ஸ்விஃப்ட் காப்பியில் உள்ள யு.இ.டி.ஆர். எண்ணைச் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்) சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்கும் ரீகால் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியது பையர் என்றால் அவர்தான் தன் வங்கியிலும் தன் ஊர்ப் போலீஸிலும் புகார் தர வேண்டும்.

அடுத்து மெயில். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்து, ரெக்கவரி போன் நம்பரைச் சரிபார்த்து, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் அப்படியே இருக்கக்கூடும். கோபத்தில் அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். யாருடைய மெயில்பாக்ஸ் உடைந்தது என்பதைக் காட்டும் சாட்சி அதன் ஹெடரில் (மெயில் வந்த வழியைக் காட்டும் பகுதி) இருக்கலாம். பையரோடு நஷ்டத்தைப் பேசித் தீர்க்கும்போது அதுதான் கைகொடுக்கும். சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் வாசலும் நம் ஊர் ஆபீஸ்களில் பழகியதுதான். ஆடிட்டர் வெளியிலிருந்து டேலி கணக்கு சாஃப்ட்வேரைப் பார்க்க வசதியாக ரவுட்டரில், ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டாகக் கம்பெனி பெயரையும் 123-ஐயும் வைத்திருப்பார்கள். ஞாயிறு இரவு உள்ளே வருவான். திங்கள் காலை டேலி கம்பெனியைக் காட்டாது. ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் தெரியாத வால் முளைத்திருக்கும். உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். மெஷினை ஆஃப் செய்ய வேண்டாம், ஃபார்மட் செய்யவே வேண்டாம்: பூட்டைத் திறக்க உதவும் தடயம் மெமரியில் இருக்கலாம். திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கப் இருக்கிறதா என்று பார்க்கும் பதற்றத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்கை அதே மெஷினில் செருகினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். பணம் கட்டும் யோசனைக்கு முன், 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அந்த வகைக்கு இலவசத் திறப்பான் உண்டா என்று தேடுங்கள்.

தடுக்க வேண்டுமானால் அந்த போர்ட்டை மூடி, ஆடிட்டருக்கு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) கொடுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி பேக்கப் எடுங்கள்; ஒன்று எப்போதும் ஆபீஸுக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் வரை வருகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் காலி ஃபோல்டரை பேக்கப் எடுத்த ஆபீஸ்களும் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. வங்கி வேலை செய்யும் மெஷினையாவது முதலில் மாற்றுங்கள்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்காரர்களுக்குச் சிக்கல் வேறு. கூகுள் மேப்பில் உங்கள் லாட்ஜின் போன் நம்பரை யாராவது மாற்றிவிட்டால், கொல்கத்தாவிலிருந்து வரும் நோயாளியின் குடும்பம் அட்வான்ஸை வேறு ஒருவனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் கவுண்டரில் வந்து நிற்கும். பிசினஸ் ப்ரொஃபைலை உங்கள் பெயரில் உறுதிசெய்து, வாரம் ஒருமுறை நம்பரைப் பாருங்கள். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்துக்காக வாங்கும் பாஸ்போர்ட் காப்பிகளை ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் குவிக்காதீர்கள். ரிசப்ஷன் செல்போனுக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் செலான் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தால் தொடவே கூடாது. இன்ஸ்டால் செய்தால் அந்தப் போனுக்கு வரும் ஓடிபி அவனுக்கும் போகும். லாட்ஜின் வங்கிக் கணக்கு அதே நம்பரில் இருந்தால், அதை இன்றே தனி போனுக்கு மாற்றிவிடுங்கள்.