அப்பச்சிக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க

"அப்பச்சிக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், அவுக தாங்க மாட்டாக." செட்டிநாட்டில் அப்பச்சி என்றால் அப்பா. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வந்த அன்று, பெரியவரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மகனோ மருமகளோ மட்டும் உள்ளே வந்து குரலைத் தாழ்த்திச் சொல்வது இது. இப்போதெல்லாம் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. பெரிய வீட்டில் வயதான இரண்டு பேர், துணைக்கு ஒரு சமையலம்மா, பிள்ளைகள் கடல் தாண்டி என்பது செட்டிநாட்டில் பல வீடுகளின் நிலை. ஸ்கேன் படம் குடும்பக் குழுவில் சுற்றுகிறது, ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள், முடிவும் ஆகிவிடுகிறது. நோயைச் சுமக்கிறவருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

இந்த வேண்டுகோளுக்குப் பின்னால் இருப்பது பாசம்தான். ஆனாலும், புத்தி தெளிவாக உள்ள ஒருவரிடம் அவருடைய நோயை மறைக்கப் பாசம் யாருக்கும் அதிகாரம் தருவதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்வது, யாரிடம் சொல்லச் சொல்வது என்ற இரண்டையும் நோயாளிதான் தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவ உலகமும் ஒருகாலத்தில் மறைப்பதன் பக்கம்தான் நின்றது. 1803-ல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் பெர்சிவல் வகுத்த நெறிகளின்படி, ஆபத்தான நிலையை உறவினரிடம் சொல்ல வேண்டும். மிக அவசியமானால் மட்டுமே நோயாளியிடம். 1961-ல் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979-ல் இதே கேள்விக்குச் சுமார் 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் உரிமை என்ற பேச்சு வலுத்தது. அந்த 1979-ல்தான் போஷாம்ப், சில்ட்ரஸ் என்ற அமெரிக்க நெறியியல் அறிஞர்கள் இருவர் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தார்கள்: நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிப்பது இவற்றைத்தான்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் வழியில் போனால் பொய் தவறு, அதோடு முடிந்தது. ஆங்கிலத் தத்துவவாதி மில்லின் வழியில் போகிறவர் விளைவைப் பார்ப்பார். குடும்பங்கள் தங்களை அறியாமல் மில்லின் பக்கம் நிற்கின்றன: "தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாக, தெரியாட்டி நிம்மதியா இருப்பாக." சரி, விளைவையே கணக்குப் பார்ப்போம்.

இரைப்பைப் புற்றுநோயைக் "குடல் புண்" என்று சொல்லி மதுரைக்குக் கூட்டிப் போகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. புண்ணுக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று கேட்டால் எல்லாரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் இரண்டாவது தடவையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். கட்டடத்தின் பெயர்ப்பலகையே சொல்கிறது. இதைவிட ஆபத்தானது காய்ச்சல். கீமோ ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனையும் நரம்பு வழி ஆன்டிபயாடிக்கும் ஆரம்பிக்க வேண்டும். தனக்குக் குடல் புண் என்று நம்புகிறவர் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருப்பார். மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் கொண்டு வருவார்கள்.

வலி மருந்திலும் இதே கதைதான். உடனே வேலை செய்யும் வகை மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலிக்கிறதோ இல்லையோ, மலமிளக்கியோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். என்ன நோய் என்று தெரியாதவர் "இப்ப வலி இல்லையே" என்று தள்ளிப் போடுவார். வலி ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம். இதற்கெல்லாம் மேலே தனிமை இருக்கிறது. அவர் வளவுக்குள் (வீட்டின் உள்கட்டுக்குள்) வந்தால் பேச்சு நிற்கிறது. லாக்கர் சாவி, கோயில் காரியம், இளைய மகளோடு பல வருஷப் பிணக்கு என்று அவர் முடிக்க நினைத்திருக்கக்கூடிய எதையும் முடிக்க வழியில்லை. விளைவை வைத்துப் பார்த்தாலும் மறைப்பது தோற்றுத்தான் போகிறது.

அதற்காக வராந்தாவில் நின்றபடி "நாலு மாசம்தான்" என்று சொல்லிவிட்டுப் போவதை உண்மை பேசுவதாக நாங்கள் ஏற்பதில்லை. நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிமுறை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அவரைக் கேட்டால்தான் அது தெரியும்.

கேட்பதற்கு முன் குடும்பத்திடம் மருத்துவர் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் விரும்பாததை வலியத் திணிக்க மாட்டோம். ஆனால் அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டோம். பிறகு கதவைச் சாத்தி, போனை அணைத்து, எதிரே உட்கார்ந்து ஆரம்பிக்க வேண்டும். கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காத காதை "புரியாதவர்" என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முதல் கேள்வி, "ஐயா, உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" இதற்குப் பெரியவர்கள் பலர் தரும் பதில் வெளியே நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது: "புத்துநோய்தானே? பிள்ளைக பயந்துரும்னுதான் கேக்காம இருந்தேன்." ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, "முடிவு வந்திருக்கு. விவரத்தை உங்ககிட்டயே சொல்லட்டுமா, வீட்டுல யார்கிட்டயாவது சொல்லட்டுமா?" "மூத்தவன்கிட்ட சொல்லுங்க, அவன் பாத்துக்குவான்" என்றால் அதுவும் அவருடைய முடிவுதான். தேதி போட்டு, மகன் பெயரோடு கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். சிகிச்சை மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி கேட்க வேண்டும், மனசு மாறும். சொல்லச் சொன்னால், "நாம எதிர்பார்த்த மாதிரி இல்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிறகு நோயின் பெயர். பிறகு மௌனம், அவர் பேசும் வரை. அழுகையை அடக்க அவசரப்பட வேண்டாம். கிளம்பும்போது அடுத்து என்ன, எந்த நாள், யாரைக் கூப்பிடுவது என்பது அவர் கையில் ஒரு தாளில் இருக்க வேண்டும். காலம் எவ்வளவு என்று கேட்டால் தேதி சொல்லாமல், வாரங்களா மாதங்களா என்ற அளவில் சொல்வதே நேர்மை.

இனி கையெழுத்து. காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நாலைந்து படிவங்களை மருமகனிடம் நீட்டி வாங்குவது சம்மதம் ஆகாது. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. வயிற்றுக்குள் கருவியை விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். புத்தி தெளிவான, வயது வந்த ஒருவருக்குப் பதிலாகத் தாயின் சம்மதம் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது நினைவு திரும்பும் வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். என்ன நோய், என்ன செய்யப் போகிறோம், என்ன பயன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் முந்தின நாளே தமிழில் சொல்லி, "நான் சொன்னதை நீங்க ஒருதடவை சொல்லுங்க" என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. வெற்றுப் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வயதானால் முடிவெடுக்கும் திறன் போய்விடும் என்பதும் தவறு. சொன்னது புரிகிறதா, சற்று நேரம் நினைவில் நிற்கிறதா, நல்லது கெட்டதை எடைபோட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா? இவ்வளவே பார்க்க வேண்டியது. சோடியம் குறைந்தாலோ சிறுநீர்த் தொற்று வந்தாலோ பெரியவர்கள் மாலையில் குழம்பி, காலையில் தெளிவாக இருப்பார்கள். காலையில் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) எழுதி, மொய்ப்பணத்துக்கு ஏடு வைத்து, கொடுக்கும் பாத்திரத்துக்கெல்லாம் பட்டியல் போடுகிற ஊர் இது. கடைசி நாட்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. "பவர் எம் பேர்லதான் இருக்கு" என்று ஐசியு வாசலில் சொல்லும் பிள்ளைகள் உண்டு. சொத்துக்குக் கொடுத்த பவர் பத்திரம் சிகிச்சைக்குச் செல்லாது. கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி அந்தப் பவரே முடிந்துபோகும்.

இதற்கென்று இருப்பது முன்கூட்டிய மருத்துவ உயில். உச்ச நீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பு இதை அனுமதித்தது. 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கினார்கள். எந்த நிலையில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் உணவு வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதி, தன் சார்பில் பேசும் நெருங்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு (ஒருவருக்கு மேலும் எழுதலாம்), இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற வேண்டும். பிரதிகள் பெயர் குறித்தவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் உள்ளாட்சியில் இதற்கென நியமித்த அலுவலருக்கும். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். எழுதியவர் முடிவெடுக்கும் திறனை இழந்து, மீள வழியில்லாத நிலையை அடைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

எழுதி வைக்காத வீடுகளில் என்ன நடக்கிறது? "தம்பி வர்ற வரைக்கும் வென்டிலேட்டர்ல வச்சிருங்க." விமானம் பிடித்துத் திருச்சியில் இறங்கி ஊர் வந்து சேரும் சில மணி நேரத்துக்கு, நோயாளிக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் சரியாக ஓடிக்கொண்டிருந்தால், காத்திருப்பதில் தவறு காண மாட்டோம். விசா, லீவு என்று நாட்கள் நீண்டால், அந்த உடம்பில் குத்தும் ஒவ்வொரு ஊசியும் வேறு யாருக்காகவோ ஆகிவிடுகிறது.

இன்னொரு வழக்கம், உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று, மருத்துவ ஆலோசனைக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டு, மூச்சுக் கொடுக்கும் பலூனை அமுக்கியபடி ஆம்புலன்ஸில் கொண்டுபோவது. வீட்டில் சாக விரும்புவது நியாயமான ஆசை. ஆனால் முகப்பில் இறக்கி வைத்து, மருந்து எதுவும் இல்லாமல் குழாயை உருவினால் அவர் மூச்சுக்குத் திணறித்தான் போவார். வென்டிலேட்டரை நிறுத்தச் சட்டப்படி வழி இருக்கிறது: சிகிச்சை தரும் மருத்துவரும் 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் அடங்கிய இரண்டாம் குழு, இரண்டும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், குடும்பத்தின் சம்மதம் வேண்டும், நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். உயில் இல்லாதவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

வீட்டுக்குத்தான் என்று முடிவானால் வென்டிலேட்டர் வரை போகாமல் முன்னாலேயே கிளம்புங்கள். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்து, கொடுக்கும் அளவு எழுதிய தாள், இரவில் கூப்பிட ஒரு எண், வீட்டுக்கு வரும் செவிலியர் யார் என்பதையெல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு வாங்குங்கள். உள்ளூரில் தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவரையும் அப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால் காரணத்தை 4ஏ படிவத்தில் எழுதித் தர வேண்டியவர் அவர்தான்; பதிவுக்கு 21 நாள் அவகாசம்.